டேப்பக்காவின் பதினொரு ட்ரெய்லர்கள்

டார்ச்சை வலது நெற்றிப்பொட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இடது கண்ணைச் சுருக்கி, முப்பது அடி தள்ளி நிற்கும் ட்ரெய்லரின் பின்பக்கத்தைப் பார்க்கிறார் டேப்பக்கா. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணி. லாரிப் பேட்டையின் தகரக் கூரைக்கு மேல் வெயில் ஏறிவிட்டது. பல் தேய்த்துக்கொண்டிருந்த டிரைவர் ஒருவர் நுரையைத் துப்பிவிட்டு, பட்டப்பகலில் விளக்கடித்து என்னம்மா தேடுகிறாய் என்று கேட்கிறார். டார்ச்சை இறக்காமலே பதில் வருகிறது.

“தேடுனது கிடைச்சிருச்சு. உன் வண்டியில எடது மூலை செத்துப்போச்சு. வந்து பாரு.”

டிரைவர் வந்து பார்க்கிறார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. விளக்கு பட்டால் திரும்ப ஒளிரவேண்டிய, சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் பட்டை, அழுக்காக இருந்தாலும் முழுசாகத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டேப்பக்கா டார்ச்சை அவர் கையில் கொடுத்து, கையைத் தூக்கி நெற்றிப்பொட்டில் வைத்து, கண் டாக்டர்போலத் தலையைப் பிடித்துத் திருப்பிவிடுகிறார். இப்போது வலது மூலை தணலாக எரிகிறது. இடது மூலை வெறும் பெயிண்ட்.

“வெளிச்சம் வந்த வழியாத்தான் திரும்பிப் போகும். நம்ம கண்ணு அந்த வழியில நிக்கணும். டார்ச்சை இடுப்புல வெச்சுட்டுப் பாத்தா எல்லாமே செத்த மாதிரிதான் தெரியும்,” என்று சொல்லிக்கொண்டே தோள்பையைக் கீழே வைத்து ஜிப்பைத் திறக்கிறார். பையில் இருப்பவை: ஒரு ரோல் டேப், ஒரு கட்டர், கைப்பிடி தேய்ந்த ரப்பர் உருளை, ஸ்பிரிட் பாட்டில், பழைய பனியன் துணி நாலு, ஒரு பிளாஸ்க் நிறைய கொதிநீர். டீ குடிக்க இல்லை. செத்த டேப்பை உரிக்க. கொதிநீரில் நனைத்த துணியைப் பட்டைமேல் அழுத்தி, அறுபது எண்ணிவிட்டு எடுத்தால், பசை இளகி ஓரம் தூக்கிக்கொடுக்கும்.

ட்ரெய்லர் கட்டும் பட்டறை ஒன்றில் பதினான்கு வருஷமாக டேப் ஒட்டுகிறார். இரும்புச் சட்டம் வெல்டிங் ஆகி, அச்சும் சக்கரமும் மாட்டி, பெயிண்ட் காய்ந்து, விளக்கு வயர் இழுத்து முடிந்தபிறகு, வண்டி கடைசியாக வந்து நிற்பது அவரிடம்தான். அவர் கை வைத்த பிறகுதான் அது தெருவுக்குப் போகும். பட்டறையில் எல்லாரும் டேப்பக்கா என்பார்கள். ஐம்பத்தியிரண்டு வயது. குள்ளம். உயர மூலைகளுக்கு மூன்று படி ஏணி வேண்டும். கட்டைவிரல் நகம் இரண்டும் அழுத்தி அழுத்தித் தட்டையாகி, சின்னக் கரண்டிபோல ஆகிவிட்டன.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால் புத்தகத்தைத் தேட மாட்டார். தன் உடம்பைத்தான் காட்டுவார். “பக்கவாட்டுல நீளத்துல பாதிக்குக் குறையக் கூடாது, அதுவும் ஒரே எடத்துல குமிஞ்சிருக்கக் கூடாது, பரவலா இருக்கணும். பின்னால இடுப்புல முழு அகலத்துக்கு ஒரு பெல்ட்டு. கீழ இரும்புத் தடுப்புல ஒண்ணு. தோள் ரெண்டுலயும் கவுத்துப்போட்ட ‘ட’. ஏன்னா வர்றவனுக்கு இங்க ஒரு ஆளு நிக்கிறான், இவ்வளவு அகலம், இவ்வளவு உசரம்னு தெரியணும். சும்மா ரெண்டு பொட்டு மினுக்கினா, ரெண்டு பைக்கு போகுதுன்னு நெனச்சு நடுவுல பூந்துருவான்.”

ஒட்டுவது வித்தை இல்லை, துடைப்பதுதான் வித்தை என்பது அவர் கட்சி. முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு ஸ்பிரிட், பிறகு காய்ந்த துணி, அதுவும் ஒரே திசையில். முன்னும் பின்னும் தேய்ப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. அழுக்கை இங்கேயிருந்து அங்கே குடிவைக்கிறாயா என்பார். ஒட்டும்போது பேச மாட்டார், பேசவும் முடியாது. உரித்த பின்தாளின் நுனி உதட்டில் இருக்கும். ரிவிட் தலை வந்தால் அதன் மேலேயே இழுத்து ஒட்டிவிட மாட்டார். கட்டரால் வட்டமாக வெட்டி வழிவிடுவார். “மேல ஒட்டுனா மழைத் தண்ணி உள்ள எறங்கி ஒரு வருஷத்துல தூக்கிரும். அவன் எடத்தை அவனுக்குக் குடுத்துரணும்.”

எனக்கு அவரைத் தெரிந்தது மாடிப்படியால். எங்கள் கட்டடத்தில் அவர் குடும்பம் கீழ்த்தளத்தில், நான் இரண்டாவது மாடியில். நான் குடிவந்த வாரம் ஒருநாள் சாயங்காலம் கரண்ட் போயிற்று. போனில் விளக்கைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தால், படிக்கட்டு முழுவதும் விளிம்பு விளிம்பாக எரிகிறது. ஒவ்வொரு படியின் ஓரத்திலும் விரல் அகலத்துக்கு, வெட்டி மிஞ்சிய ஒளிரும் டேப் ஒட்டியிருந்தது. யார் செய்த வேலை என்று கீழே போய் விசாரித்தேன். துணி ஆல்டர் செய்யும் கடை வைத்திருக்கும் அவர் கணவர், கழுத்தில் இஞ்ச் டேப்புடன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். “எங்க வீட்டம்மாதான் சார். நான் அசந்து தூங்குனா என் நெத்தியிலயும் ஒட்டிருவா.”

வீட்டுக்குள் கேஸ் சிலிண்டர், தண்ணீர் மோட்டார் சுவிட்ச், கணவரின் சைக்கிள், சாவிக்கொத்து, குடைக் கம்பு எல்லாவற்றிலும் ஒரு துண்டு உண்டு. பட்டறை கொடுத்த அடையாள அட்டையைக் காட்டினார். அதில் முகமே இல்லை. ஒளிப்பட்டை வைத்த மேல்சட்டையோடு நிற்கவைத்து ஃபிளாஷ் போட்டு எடுத்திருக்கிறார்கள். பட்டை இரண்டும் வெள்ளை நெருப்பாக எரிய, கழுத்துக்கு மேலே ஒரே கருப்பு. மாற்றித் தருகிறோம் என்று அலுவலகத்தில் சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டாராம். டேப் நல்ல டேப் என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டுமா என்பது அவர் கேள்வி. என்னை அவர் கூப்பிடுவது ‘மாடி சார்’.

வாரத்தில் ஆறு நாள் ஒட்டுபவர் ஏழாம் நாளும் எதற்குப் பேட்டைக்குப் போகிறார் என்று ஒருமுறை கேட்டேன். அன்றைக்கு, சும்மாதான் என்றார். பிறகு துண்டுதுண்டாகச் சொன்னார், படியில் நின்றுகொண்டு, காய்கறிப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு. நான் கோத்து எழுதுவது இது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், மழைக்காலம் தொடங்கும் நேரத்தில், ஒரே முதலாளிக்கு இருபது ட்ரெய்லர் கட்டித்தர வேண்டியிருந்தது. ஒட்டத் தொடங்கும் நேரத்தில் வழக்கமான டேப் தீர்ந்துபோயிற்று. ஃபோர்மேன் எங்கிருந்தோ ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்து வைத்தார். ரோலைக் கையில் எடுத்ததுமே டேப்பக்காவுக்குச் சந்தேகம். மெல்லிசு. நல்ல டேப்பில் தேன்கூடு மாதிரிக் கட்டங்கள் துல்லியமாக இருக்கும். இதில் அச்சடித்த துணிபோல மசங்கலாக இருந்தது. நகத்தால் கீறினால் கோடு விழுந்தது. ஃபோர்மேனிடம் சொன்னார். ஃபோர்மேன் கயிற்றில் தொங்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டையின் ஓரத்தைப் படித்தார். தரமுத்திரை இருந்தது.

“முத்திரை இருக்குல்ல? முத்திரை இருந்தா டேப்பு. ஒட்டு.”

ஒட்டினார். இந்த இடத்தில் டேப்பக்கா காய்கறிப் பையைக் கீழே வைத்துவிடுவார். “அவர் சொன்னாரு, நான் ஒட்டுனேன்னு சொன்னா அது பாதி உண்மைதான் மாடி சார். அன்னிக்கு நாலு மணிக்குள்ள முடிச்சுட்டுப் போய்ப் பொண்ணை ரயில் ஏத்திவிடணும். மறுநாள் வேற அவசரம். பதினொரு வண்டி ஒட்டுனேன். பதினொரு வண்டிக்கும் பதினொரு அவசரம் இருந்துச்சு.”

தகுதிச் சோதனைக்காரர்கள் பகலில் வந்தார்கள். நீளம் அளந்தார்கள், முத்திரையைப் பார்த்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். பத்து வண்டிகள் வெளியே போயின. பன்னிரண்டாவது வண்டிக்கு வழக்கமான டேப் வந்துவிட்டது. அதை ஒட்டிமுடித்து, கொட்டகைக்குள் நிழல் விழுந்த நேரத்தில் டார்ச்சை நெற்றியில் வைத்துப் பார்த்திருக்கிறார். பன்னிரண்டாவது கண்ணைக் கூசவைத்தது. பக்கத்தில் பதினோராவது சுவர்போல நின்றது. ஃபோர்மேனைத் தேடினார். அவர் போய்விட்டிருந்தார். நாளைக் காலையில் முதல் வேலையாக அதையாவது உரித்து ஒட்டிவிடலாம் என்று வீட்டுக்குப் போனார். காலை எட்டு மணிக்கு வந்தபோது அந்த இடத்தில் எண்ணெய்க் கறைதான் இருந்தது. வண்டி ஆறு மணிக்கே கிளம்பிவிட்டது.

பட்டறை முதலாளியிடமும் போனார். காகிதம் எல்லாம் சரியாக இருக்கிறது, வாங்கினவர் குறை சொல்லவில்லை, உனக்கென்ன என்று கேட்டார் முதலாளி. நியாயமாகத்தான் கேட்டார் என்கிறார் டேப்பக்கா. அதற்குப் பிறகு டேப்பக்காவும் மூன்று மாதம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பிறகு ஒருநாள் பேப்பரில் ஒரு செய்தி. சாலையோரம் நின்ற ட்ரெய்லரின் பின்னால் ஒரு சின்னக் கார் புகுந்துவிட்டது. படத்தில் காரின் முன்பாதி இல்லை. டேப்பக்கா அரைநாள் லீவு சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி, அந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். மதில் ஓரமாக ட்ரெய்லர் நின்றது. நம்பர் பிளேட்டைப் பார்த்துப் பயனில்லை, வண்டி பட்டறையைவிட்டுப் போன பிறகு மாட்டுவது அது. சட்டத்தின் இரும்பில் குத்திய பட்டறைப் பெயரும் எண்ணும்தான் மாறாது. குனிந்து, சேற்றை விரலால் துடைத்துப் படித்தார். அவருடைய வண்டி இல்லை. வேறு பட்டறை, வேறு ஊர்.

“அப்பாடான்னு இருந்துச்சு. நெஞ்சுல கைய வெச்சுக்கிட்டேன். திரும்பிப் பாத்தா பெஞ்சுல ஒருத்தி ஒக்காந்து அழுதுட்டிருக்கா, மடியில வண்டியோட காகிதத்தை வெச்சுக்கிட்டு. அங்க ஒருத்தி அழறா, இங்க நான் சந்தோஷப்படறேன். அப்பத்தான் எனக்கு என்மேலயே பயம் வந்துச்சு.”

மறுநாள் பட்டறையின் வாயில்காவலரிடமிருந்து வெளிச்செல்லும் வண்டிகளின் பதிவேட்டை வாங்கி, பதினொரு எண்களையும் எழுதிக்கொண்டார். கடைசி நாலு இலக்கம் போதும். வாய்ப்பாடுபோல மனப்பாடம் செய்துவிட்டார். இப்போது கேட்டாலும் அரிசி களைந்துகொண்டே சொல்வார்.

இருபது வண்டி வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் பாதியை விற்றுவிட்டிருந்தார். ஆகவே தேடல் எளிதாக இல்லை. ஞாயிறு தவறாமல் பேட்டை, சரக்குக் கொட்டகை, துறைமுகச் சாலை, மெக்கானிக் ஷெட் என்று நடந்தார். முதல் இரண்டு மூன்று வாரம் கணவரும் கூட வந்து ஏணியைப் பிடித்தார். பிறகு, புருஷனைக் கூட்டிக்கொண்டு சினிமாவுக்குப் போகும் பெண்டாட்டிகளைப் பார்த்திருக்கிறேன், லாரிப் பின்பக்கம் காட்டக் கூட்டிப்போகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லிக் கழன்றுகொண்டார்.

பெரிய தொல்லை வண்டிகள் அல்ல, டிரைவர்கள். இலவசமாக ஒருத்தி வந்து வண்டியில் கைவைக்கிறேன் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அதிகாரியா, வேவு பார்க்கிறவளா, புத்தி சரியில்லாதவளா என்று மூன்றில் ஒன்றாக நினைத்தார்கள். நாலாவது வண்டியின் டிரைவர் சாவியைக் கையில் சுழற்றியபடி கேள்விமேல் கேள்வி கேட்டாராம். எங்கள் முதலாளி அனுப்பினாரா? இல்லை. கம்பெனி அனுப்பியதா? இல்லை. அப்படியானால் யார்தான் சொன்னது?

“யாரும் சொல்லல தம்பி. ஒட்டுனது நான்தான். தப்பா ஒட்டிட்டேன்.”

அந்த ஒரு பதிலுக்குப் பிறகு அவர் வேறு பதில் தயாரிக்கவில்லை. எல்லா டிரைவர்களிடமும் அதையே சொன்னார். வேலை செய்த இடத்தில் தப்பு நடந்ததென்று ஒத்துக்கொள்ளும் ஆளைப் பார்த்தே பல வருஷம் ஆயிற்று என்று ஒருவர் டீ வாங்கிக்கொடுத்தார். போலி டேப் அதற்குள் வெயிலில் வெடித்து, மீன் செதில்போல உதிரத் தொடங்கியிருந்தது. ஒரு வண்டிக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. ஒன்று மாவு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தது. ஒன்று சக்கரமே இல்லாமல் கட்டைமேல் உட்கார்ந்திருந்தது. இதற்கு எதற்கம்மா என்று மெக்கானிக் சிரித்தார். நாளைக்குச் சக்கரம் மாட்ட மாட்டீர்கள் என்று எழுதித்தருவீர்களா என்று கேட்டுவிட்டு ஒட்டினார்.

டேப் எங்கிருந்து வந்தது? அதையும் கேட்டேன். முதல் வண்டிக்கு வெளியில் வாங்கினார். இரண்டாவது வாரம், சனிக்கிழமை சாயங்காலம் கைகழுவிவிட்டு வந்து பார்த்தால் அவர் கருவிப் பெட்டியின்மேல் ஒரு புது ரோல் இருந்தது. அடுத்த சனிக்கிழமையும் இருந்தது. ஃபோர்மேன் தன் பொறுப்பில் எடுத்து வைத்தது என்று ஸ்டோரில் சொன்னார்கள். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, இவரும் பேசவில்லை. பத்தொன்பது மாதம் இப்படி நடந்தது. பத்து வண்டிகள் முடிந்தன.

பதினோராவது சென்ற வருஷம் கிடைத்தது. குளிர்பதனக் கிடங்கு ஒன்றின் பின்னால் நின்றுகொண்டிருந்தது. எண்ணைப் படித்துவிட்டு எழுந்து பின்பக்கம் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கீழ்த்தடுப்பு நடுவில் உள்ளே மடங்கியிருந்தது. அடித்து நிமிர்த்த முயன்ற சுத்தியல் தடம் தெரிந்தது. பட்டையில் பாதி இல்லை.

டிரைவர் நல்ல மனிதர். மறைக்காமல் சொன்னார். ஒன்றரை வருஷம் ஆகிறதாம். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால், டயர் பஞ்சராகி ஓரம்கட்டி நின்ற வண்டியில் ஒருவர் ஸ்கூட்டரோடு வந்து மோதினார். பெரிய ரொட்டிக்கடையில் மாவு பிசைபவர், வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். உயிருக்கு ஆபத்தில்லை. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஓட்டிவந்தவர் கண் அசந்துவிட்டார் என்று போலீஸில் எழுதி முடித்துவிட்டார்கள். ஓரமாகத்தான் நிறுத்தியிருந்தேன், டேப்பும் இருந்தது, அவருக்குத்தான் தூக்கம் என்று டிரைவரும் நம்பிக்கொண்டிருந்தார். டேப்பக்கா அன்றைக்கு அந்த வண்டிக்கும் ஒட்டினார். மற்ற வண்டிகளைவிட ஒரு மணி நேரம் அதிகமாயிற்று என்றார். பிறகு ரொட்டிக்கடையின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் அந்த வாரம் நிம்மதி இல்லை. மாடிவரை குரல் வராத குடும்பம் அது. அந்த வாரம் வந்தது. கணவருக்குக் கோபத்தைவிடப் பயம். ஒட்டவேண்டியதை ஒட்டியாயிற்று, அதோடு விட்டுவிடக்கூடாதா என்று என்னிடமே வந்து முறையிட்டார். “நீங்களாச்சும் சொல்லுங்க சார். வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கறா. கேஸ் போட்டா வேலையும் போகும், பேரும் போகும்.” மகளும் போனில் அப்பா பக்கம். டேப்பக்கா யாரோடும் வாதாடவில்லை. நான் கேட்டபோது மட்டும் சொன்னார்: “வண்டி பதினொண்ணுன்னுதான் இத்தனை நாள் எண்ணிட்டிருந்தேன். ஆளு ஒருத்தரு இருக்காருன்னு தெரிஞ்சதுக்கப்பறம் எப்படி எண்ணாம விடறது?”

துணைக்கு என்னைக் கூப்பிட்டார். போனேன்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், படிப்பவர்களுக்கு மனம் பதைக்க வேண்டாம். வழக்கு எதுவும் வரவில்லை. ரொட்டிக்காரர் கேட்டது ஒரு கடிதம் மட்டும். தான் ஒட்டிய பட்டை போலியானது, டார்ச் வெளிச்சத்தில்கூடத் திரும்ப ஒளிரவில்லை என்று டேப்பக்கா எழுதிக் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை அதை ஃபோர்மேனிடம் காட்டினார். ஃபோர்மேன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்துவிட்டு, பேனாவை வாங்கி, ‘ஒட்டச் சொன்னது நான்’ என்று கீழே எழுதித் தன் கையெழுத்தையும் போட்டார். முதலாளி இரண்டு நாள் இருவரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், இனிமேல் எங்கிருந்து டேப் வந்தாலும் பெட்டியைப் பிரிக்காமல் முதலில் அந்தம்மாவிடம் அனுப்புங்கள் என்று ஸ்டோருக்குச் சொல்லியனுப்பினார். கடிதத்தை ரொட்டிக்கடையில் காட்டியபிறகு, பொட்டலம் கட்டும் மேஜையில் உட்காரவைத்திருந்தவரை மறுபடி அடுப்படிக்கு மாற்றினார்கள். ஸ்டூல் ஒன்றும் போட்டுக்கொடுத்தார்களாம். டேப்பக்காவின் ஞாயிறு இன்னும் பேட்டையில்தான் கழிகிறது. பதினொன்று முடிந்துவிட்டது. ஆனால் டிரைவர்கள் இப்போது அவர்களாகவே கூப்பிடுகிறார்கள்.

நான் சொல்லவந்தது அந்த வீட்டில் நடந்தது.

முதல் மாடியில் ஒடுக்கமான முன்னறை. மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேஜை, மேஜைக்கு அடியில் பிள்ளைகளின் பள்ளிப் பைகள். ரொட்டிக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். அகலமான தோள், மாவு பிசைந்த முன்கைகள். எழுந்து வரவேற்கும்போது வலது காலை முதலில் நீட்டி, பிறகு உடம்பைத் தூக்கினார். அவர் மனைவி எங்களை யாரோ இன்சூரன்ஸ்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு டீ போடப் போனார். டேப்பக்கா தடுத்தார்.

“சொல்ல வேண்டியதைச் சொல்லிர்றேம்மா. அதுக்கப்பறமும் குடுத்தீங்கன்னா குடிக்கறேன்.”

அந்தம்மாள் அதை உபசாரப் பேச்சாக எடுத்துக்கொண்டு சிரித்தார். பால் வாங்கிவருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போனார். அவர் போன பிறகு, நான் சுவரோரமாக நிற்க, டேப்பக்கா நாற்காலியில் உட்கார்ந்து பேசினார். அவசரம், பெட்டி, முத்திரை, நகக்கீறல், காலை ஆறு மணிக்குப் போய்விட்ட வண்டி, எண். எதையும் விடவில்லை, எதையும் கூட்டவில்லை. கை இரண்டையும் முழங்காலில் கவிழ்த்து வைத்திருந்தார். ரொட்டிக்காரர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டேப்பக்கா சொல்லி முடித்தார். நான் சத்தத்துக்குத் தயாராக இருந்தேன். வெளியே போ என்பார், அல்லது போலீஸைக் கூப்பிடுவார்.

அவர் கேட்டது வேறு. “அப்ப நான் தூங்கலியா?”

“அதை நான் பாக்கலீங்க. நல்ல டேப்பா இருந்திருந்தா கட்டாயம் தெரிஞ்சிருக்கும்னு சத்தியம் பண்ணவும் மாட்டேன். ஆனா அந்த வண்டி அன்னிக்கு முழிச்சிருக்கறவன் கண்ணுக்கும் தெரிஞ்சிருக்காது. அதை மட்டும் சத்தியமாச் சொல்வேன்.”

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னவற்றை நான் சுருக்கி எழுதுகிறேன். மோதினது அவருக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது எல்லாரும், தூங்கிவிட்டாய் என்றார்கள். போலீஸ் சொன்னது, அண்ணன் சொன்னார், முதலாளி சொன்னார். மனைவி மட்டும் சொல்லவில்லை. சொல்லாமல் ஸ்கூட்டரை விற்றார். பிள்ளைகளை அவரோடு தெருவைத் தாண்டவிடுவதில்லை, ஓடிவந்து நடுவில் கையைப் பிடித்துக்கொள்கிறார். ராத்திரி அவர் தூங்க ஆரம்பித்தால் எழுந்து உட்கார்ந்து பார்க்கிறார், இது எந்தமாதிரித் தூக்கம் என்று.

“நானே நம்பிட்டேன்மா. மூணு மணிக்கு எந்திரிச்சுப் பன்னெண்டு வருஷம் வேலைக்குப் போனவன் நான். ஒருநாள்கூட அசந்ததில்ல. ஆனா இத்தனை பேர் சொன்னா நம்பாம என்ன பண்றது.”

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மனைவி பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். கணவர் முகம் நனைந்திருப்பதைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தார்.

ரொட்டிக்காரர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது நாற்காலியைக் காட்டினார். “வா, ஒக்காரு. அப்பறம் டீ போடலாம்.” பிறகு டேப்பக்காவிடம் சொன்னார்: “இவகிட்ட ஒருதடவை சொல்லுங்க. மொதல்லேருந்து.”

அந்தம்மாள் பால் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். டேப்பக்கா எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தரையில் இழுபடாமல் இரண்டு கையாலும் தூக்கி, அந்தம்மாளுக்கு நேர் எதிரே, முழங்காலோடு முழங்கால் படும் தூரத்தில் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.